கிணறு இருக்கிறதா, பார்த்துவிட்டு வா!

படிப்பு முடிந்துவிட்டது. வேலையில் சேர இன்னும் மூன்று வாரம் இருந்தது. தோழிகள் பாலிக்கும் பேங்காக்குக்கும் டிக்கெட் எடுத்தார்கள். நானோ ருவாண்டாவுக்குப் போக எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

1994ஆம் ஆண்டில் சுமார் 100 நாள்களுக்குள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆப்பிரிக்க நாடு அது. அதே நாடு 2008இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது, தலைநகர் கிகாலியின் தெருக்கள் பளிச்சென்று இருக்கின்றன என்றெல்லாம் படித்திருந்தேன். இவ்வளவு பெரிய அழிவிலிருந்து ஒரு நாடு எப்படி எழுந்து நிற்கிறது என்பதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். கீழ்வீட்டில் 82 வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்பார்வை மங்கிவிட்டதால், மாலை வேளையில் நான்தான் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். ருவாண்டா ஆசையைச் சொன்னதும் அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

"சண்டை ஓய்ஞ்ச ஊரைப் பாக்க ஆபிரிக்காவுக்கே போகவேணும், பிள்ளை? என்ர ஊருக்குப் போய்ப் பாரன்."

அவருடைய ஊர் யாழ்ப்பாணத்தின் வடகோடியில், காங்கேசன்துறைக்கு அருகே இருக்கிறது. 1947இல் சிறுவனாகக் கப்பலேறி இங்கே வந்தவர். கடைசியாக ஊருக்குப் போனது 1982இல். அடுத்த ஆண்டே அங்கே போர் மூண்டுவிட்டது.

"வீடு இராது. எனக்குத் தெரியும். படமும் வேண்டாம், எனக்குக் கண் தெரியாது. கிணறு கிடக்கோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வா" என்றார்.

வழியை அவர் சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். மாவிட்டபுரம் கோயில், ரயில் பாதை, வேப்பமரத்தடியில் வைரவர் கோயில், அதற்கு இடப்பக்கம் மூன்றாவது வளவு. வளவு என்றால் வீடும் தோட்டமும் சேர்ந்த மனை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ரயில் கொண்டுவந்த உறவு

பிரிக்பீல்ட்ஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடர்பு நம் இளையோர் பலருக்குத் தெரியாது. கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து 1886இல் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் படித்த எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். ஆங்கிலேயர்கள் அவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் குடியேறினார்கள். ஸ்கோட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதுதான். 1904இல் உருவான விவேகானந்தா ஆசிரமமும் அவர்களுடைய முயற்சியே.

என் குடும்பக் கதை வேறு. கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. எங்கள் தோட்டத்தில் கிராணியாராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். அதனால் நான் யாழ்ப்பாணம் போகிறேன் என்றதும் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "அங்கே நமக்கு யார் இருக்கா? பொம்பளைப் பிள்ளை தனியா அந்த ஊருக்குப் போறதா?" என்று அம்மா அழுதே விட்டார்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பின்னும் வெளிநாட்டினர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்ட காலம் இருந்தது. 2015 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இதையெல்லாம் எடுத்துக் காட்டி, தினமும் இரவு அழைப்பதாக உறுதி கொடுத்த பிறகே அம்மா சமாதானமானார். 2018 ஜூலையில், ஒரு முதுகுப்பையும் அந்த வரைபடத் தாளுமாகக் கொழும்பில் இறங்கினேன்.

யாழ்தேவியில் ஒரு நாள்

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் யாழ்தேவி ரயிலில் ஏறினேன். யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவு. 1956இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. 1990இல் வடக்குச் சேவை நின்றுபோனது. பாதையின் தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்குகுழி அமைக்கப் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து, இந்திய உதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டது. 2014 அக்டோபரில் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. 24 ஆண்டுகள்! என் வயதும் அதுதான்.

எதிர் இருக்கையில் ஒரு சிங்களக் குடும்பம். நயினாதீவு விகாரைக்கு யாத்திரை போகிறார்கள். அந்த வீட்டு அம்மா தாம் கட்டிவந்த பாற்சோற்றை வாழையிலையில் வைத்து என்னிடம் நீட்டினார். அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். அவருடைய அண்ணன் இராணுவத்தில் இருந்தாராம். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவில் இறந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. "இன்று அந்த இடத்தை முதல்முறை பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆனையிறவுக்கு முன்னதாகவே, கிளிநொச்சியில், நான் இறங்கிவிட்டேன்.

கிளிநொச்சியில் செய்த தவறு

கிளிநொச்சியில் எல்லாமே புதிதாக இருந்தன. வங்கி, கடைகள், பேருந்து நிலையம் எதைப் பார்த்தாலும் புதுச் சுண்ணாம்பு வாசம். பழைய கட்டடம் ஒன்று தெரிகிறதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். கண்ணில் படவில்லை. அழிவு முழுமையாக இருந்தால் இடிபாடுகூட மிஞ்சாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏ9 நெடுஞ்சாலை ஓரம், கந்தசுவாமி கோயில் அருகே ஒரு கொட்டகை. உள்ளே வயதான தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் இளைஞர்களின் புகைப்படங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பிப்ரவரி 20 முதல் அவர்கள் அங்கே போராட்டம் நடத்துகிறார்கள். நான் போனபோது 500 நாள்கள் கடந்துவிட்டன.

யோசிக்காமல் கைப்பேசியை உயர்த்தினேன். முன்னால் இருந்த ஓர் அம்மா கையால் மறைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்:

"என்னைப் படமெடுத்து என்ன செய்யப் போறாய், மகள்? எடுக்கிறதெண்டா என்ர பிள்ளையின்ர படத்தை எடு. அவனைத்தானே தேடவேணும்."

சட்டகம் போட்ட படத்தை மடியிலிருந்து எடுத்து என் முன்னால் நிமிர்த்திப் பிடித்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன். அவனைப் படமெடுக்கும்போது என் கை நடுங்கியது. அவமானமாக இருந்தது. சுற்றுலாத் தலத்தைப் பார்ப்பதுபோல் நான் அந்தத் தாயைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவராகவே சொன்னார். இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக நடந்தது, வழியில் கணவரைப் புதைத்தது, கடைசியில் மகனை ஒரு பேருந்தில் ஏற்றிவிட்டது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியதை நான் படித்திருக்கிறேன். அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சீருடைப் படம் இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

சிவப்புப் பலகைகள்

மறுநாள் பேருந்தில் யாழ்ப்பாணம் நோக்கிப் போனேன். முகமாலை வந்ததும் சாலையோரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தெரிந்தன. இருதரப்புக்கும் நீண்டகாலம் போர்முனையாக இருந்த இடம் அது. மண்ணெல்லாம் மிதிவெடிகள். பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர் விளக்கினார். வெடி அகற்றும் வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. முகக்கவசம் அணிந்து, முழங்காலிட்டு, கையளவு கையளவாக மண்ணைக் கிளறித் தேட வேண்டும். ஒரு காணியைச் சுத்தம் செய்து முடித்த பிறகே உரிமையாளர் வீடு திரும்ப முடியும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் இணைந்தது.

போர் முடிந்துவிட்டது என்று செய்தி வாசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த முடிவு ஒரு வயலுக்கு வந்து சேர 10, 15 ஆண்டுகள் ஆகின்றன.

யாழ்ப்பாணத்தில் முதல் வேலையாக நூலகத்துக்குப் போனேன். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இன்று அதே இடத்தில் வெள்ளை மாளிகையாக எழுந்து நிற்கிறது, வாசலில் சரஸ்வதி சிலையோடு. எரிந்த சுவரைப் பார்க்கப் போன எனக்கு உட்கார ஓர் இருக்கைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. நம் எஸ்.டி.பி.எம். போன்றது. மேசைக்கு மேசை மாணவர்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு மனம் நிறைந்த காட்சி அதுதான்.

மதியம் சந்தைப் பக்கத்தில் 'மலாயன் கபே' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் சிரித்துவிட்டேன். வாழையிலையில் சைவச் சாப்பாடு. நம் நாட்டின் பழைய பெயரைத் தாங்கி நிற்கும் கடை. பரிமாறிய பெரியவரிடம், "ஐயா, உங்களோடு கொஞ்சம் பேசலாமா?" என்றேன். அவர் திகைத்தார். "ஏன் பிள்ளை, நான் என்ன பிழை செய்தனான்?" என்றார். அங்கே 'பேசுவது' என்றால் திட்டுவது. 'கதைக்கலாமா' என்று கேட்டிருக்க வேண்டும். மொழி ஒன்றுதான், ஆனாலும் நான் அந்த ஊருக்குப் புதியவள் என்பதை அது நினைவூட்டியது.

கடைசி நிலையத்தில்

நான்காம் நாள் காலை காங்கேசன்துறை ரயிலில் ஏறினேன். கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் வந்தன. 1990இல் இந்தப் பக்கத்து மக்கள் வீடு வாசலை விட்டு ஒரே வீச்சில் வெளியேறினார்கள். அவர்களுடைய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்த பிறகு நிலம் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலும், வலிகாமம் வடக்கில் மேலும் ஒரு பகுதி 2018 ஏப்ரலிலும் விடுவிக்கப்பட்டன.

தாத்தாவின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கோயில் இருந்தது. ரயில் பாதை இருந்தது. வேப்பமரம் இல்லை. வைரவர் கோயில் இருந்த இடத்தில் ஒரு சூலம் மட்டும் நட்டிருந்தது. அதற்கு இடப்பக்கம் இரண்டாவது வளவில் தகரக் கொட்டில் ஒன்றைக் கண்டு கூப்பிட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வெளியே வந்தார். கூரையில்லாத வீட்டுக்குள் காடு மண்டிக் கிடந்தது. கத்தியோடு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். "மலேசியாவிலயிருந்தோ? இருங்கோ, முதல் தண்ணி குடியுங்கோ" என்று கிணற்றடிக்கு அழைத்துப் போனார். 28 ஆண்டுகள் நான்கு இடங்களில் அகதியாக இருந்துவிட்டு, ஏப்ரலில்தான் திரும்பியிருக்கிறார்கள்.

"வந்து பாத்தா ஒண்டுமே விளங்கேல்ல. மதில் இல்லை, எல்லைக் கல்லு இல்லை. முதல் இந்தக் கிணத்தைத்தான் தேடினனாங்கள். கிணத்தைக் கண்டாப் பிறகுதான் இது எங்கட காணி எண்டு தெரிஞ்சது. குப்பையெல்லாம் அள்ளி, மூண்டு நாள் இறைச்சுத் துப்பரவாக்கினம்."

தாத்தா ஏன் கிணற்றைக் கேட்டார் என்று அப்போது புரிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் ஊறும் தண்ணீரை நம்பித்தான் அத்தனை பேரும் வாழ்கிறார்கள். வீடு இடியும், மரம் சாயும். பாறையைக் குடைந்து தோண்டிய கிணறு அங்கேயே இருக்கும்.

"மூன்றாவது வளவு எங்கே, அம்மா?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். பத்தடி தூரத்தில் முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பனைமரங்களின் தலைகள். "உங்கட தாத்தாவின்ர வளவு உதுக்கு அங்கால. இன்னும் விடேல்ல, பிள்ளை."

சுமார் 2,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவள், அந்தப் பத்தடியைக் கடக்க முடியாமல் நின்றேன். காவலரணில் இருந்த இளம் சிப்பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். படமெடுக்கவில்லை. கேட்காமலே திரும்பினேன். புறப்படும்போது அந்த அம்மா ஒரு பையில் ஒடியல் கட்டிக் கொடுத்தார். "தாத்தா வந்தாரெண்டா எங்கட வீட்டில நிக்கச் சொல்லுங்கோ" என்றார். அவர் வீட்டுக்கு அப்போது கூரைகூட இல்லை.

போக நினைக்கும் இளையோருக்கு

இந்தப் பக்கத்தை வாசிக்கும் நண்பர்களே, போர் ஓய்ந்த ஊர்களுக்குப் போங்கள். கம்போடியா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ருவாண்டாவுக்கு நானும் ஒருநாள் போவேன். ஆனால் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகுமுன் அந்த ஊரின் வரலாற்றை ஒரு தரப்பின் எழுத்தில் மட்டும் படிக்காதீர்கள். பயணக் காப்புறுதி எடுங்கள். தங்குமிட விவரங்களை வீட்டில் எழுதிக் கொடுங்கள். அங்குள்ள நம் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்திருங்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். முகாம்களையும் காவலரண்களையும் படமெடுக்காதீர்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்குங்கள், அவர்கள் கடையில் சாப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று எடுத்த எடுப்பில் யாரிடமும் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள். நாம் உட்கார நேரம் ஒதுக்கினால் போதும்.

ஒரே ஊற்று

திரும்பி வந்த அன்றே தாத்தாவைப் பார்க்கப் போனேன். ஒடியலை முகர்ந்து பார்த்துவிட்டு, "கிணறு?" என்றார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு, தாத்தா. உள்ளே போக முடியலை."

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். பிறகு மெல்லக் கேட்டார்:

"பக்கத்து வளவுத் தண்ணி குடிச்சனியோ?"

"குடிச்சேன், தாத்தா."

"உவரோ, நல்ல தண்ணியோ?"

"நல்ல தண்ணி."

"அப்ப எங்கடதும் நல்லாத்தான் இருக்கும். ஒரே ஊத்து" என்றார். அவர் முகம் தெளிந்தது.

அன்று மாலை கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஜப்பான்காரர்கள் அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அழிவைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக நினைத்த நான், 24 வயது வரை அதைப் பற்றிப் பாட்டியோடு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொசு விரட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தோம். இருட்டிய பிறகு பாட்டி சொன்னார்: "எங்கப்பா போறப்போ ஒரு நீலக் கைலி கட்டியிருந்தாரு, பாப்பா."